தொட்டிக்குள் ஒரு எலுமிச்சை

லண்டனில் இருக்கும் சித்தி போன மாசம் ஒரு போட்டோ அனுப்பினாங்க. ஏழு வருஷமா தொட்டியில் வளர்க்கும் எலுமிச்சை. கீழே ஒரு வரி: "பூக்கவே மாட்டேங்கு, என்னன்னு பாருல." சித்தி பிறந்தது சங்கரன்கோவில். பக்கத்துப் புளியங்குடிச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக எலுமிச்சை போவதைப் பார்த்து வளர்ந்தவங்க.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை. எங்க ஊர்க் கண்ணுக்கு அது வில்வம்.

இந்த மரங்களைத் தொட்டியில் ஏற்றி ஊர் கடத்தும் ஆசை ரொம்பப் பழசு. சிட்ரான் என்ற தடித்த தோல் பழத்தின் மரத்தை, வேர் மூச்சுவிட ஓட்டை போட்ட மண்தொட்டிகளில் வெளிநாடுகளுக்குக் கொண்டுபோக முயன்றார்கள், ஆனால் அது பாரசீகப் பக்கம் தவிர வேறெங்கும் வளர மறுத்தது என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி எழுதிவைத்தார்.

அப்புறம் வந்த ராஜாக்கள் மரத்துக்கே அரண்மனை கட்டினார்கள். பதினான்காம் லூயிக்காக வெர்சாய் மாளிகையில் 1684 முதல் 1686 வரை கட்டிய ஆரஞ்சு மண்டபத்தின் நடுக்கூடம் மட்டும் சுமார் 150 மீட்டர் நீளம். தெற்கு பார்த்த பெரிய ஜன்னல்கள், தடித்த சுவர்கள். மரங்கள் பெட்டிகளில் நிற்கும். கோடையில் வெளியே, குளிரில் உள்ளே.

காரணம் எளிது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே இந்த மரங்களின் வளர்ச்சி நின்றுவிடும். குளிர்ந்த மண்ணில் வேர் தண்ணீரை இழுக்காது. வாடுதே என்று மேலும் ஊற்றினால் வேர் அழுகும். அதிலும் நம்ம எலுமிச்சை பனியை அறவே தாங்காது.

அரண்மனை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, ஒட்டுக் கட்டுவது. சீனாவிலிருந்து வந்த மூவிலை ஆரஞ்சு குளிரில் இலை உதிர்த்துப் பனியைத் தாங்கி நிற்கும். அதை வேர்ச்செடியாக்கி மேலே எலுமிச்சையை ஒட்டுவார்கள். பாதி சிவன், பாதி பெருமாள் நிற்கும் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் மேல்பாதி செத்தால் கீழ்ப்பாதி துளிர்க்கும். அப்போது இலைக்காம்பைப் பார்க்கணும். எலுமிச்சைக்குக் காம்பில் மெல்லிய இறக்கை. பம்பளிமாஸுக்கு அகலமான இறக்கை. சிட்ரானுக்கு இறக்கையே கிடையாது. மூன்று இலை என்றால் அது வேர்ச்செடி.

ஏதோ ஒரு பனிக்காலத்தில் சித்தியின் எலுமிச்சை போய்விட்டது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப இத்தனை வருஷம் நான் யாருக்குல தண்ணி ஊத்துனேன்?"

"அதைத் தாங்கிட்டு இருந்ததுக்கு, சித்தி."

மறுநாள் இன்னொரு போட்டோ. தொட்டி வீட்டுக்கு வெளியே, தோட்டத்தில் இருந்தது. "அதுக்குத்தான் குளிராதே. உள்ள எதுக்கு அடைச்சு வைக்கணும்?"