குக்கலின் கதை – 7: காய்ச்சல் தராத ஊசி

1975-ன் தொடக்கத்தில் குக்கல் உட்பட மூன்று நோய்களுக்கான முக்கூட்டு ஊசியை ஜப்பான் நிறுத்தியதோடு சென்ற வாரம் விட்டிருந்தோம். ஊசி போட்ட ஒரு நாளைக்குள் இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. ஊசிதான் காரணமா என்று தெளிவாகுமுன்பே பயம் வீட்டுக்கு வீடு போய்விட்டது. சில மாதங்களில் ஊசி திரும்பி வந்தும் பிள்ளைகளைக் கொண்டுவர ஆளில்லை. 1974-ல் 393 பேருக்கு மட்டும் வந்து, ஓர் உயிரையும் எடுக்காத குக்கல், 1979-ல் 13,000 பேரைப் பிடித்தது. 41 பேர் மாண்டார்கள்.

கல்முனைக்குடி உம்மாமாருக்கு அந்தப் பயம் விளங்காததல்ல. கிளினிக்குக்குப் போய்வந்த இரவு, தொடை வீங்கி உடம்பு கொதிக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மிஸ் சொன்ன அளவுக்குப் பெனடோல் கொடுத்து, விடியும்வரை விழித்திருப்பவர்கள் அவர்கள். ஆனாலும் நான்காம் மாதமும் ஆறாம் மாதமும் திரும்பவும் வருகிறார்கள். இந்த வரலாற்றில் எவர் பெயரையும்விடப் பெரியது அந்தப் பொறுமைதான் என்பேன்.

இலங்கைக்கு முக்கூட்டு ஊசி வந்தது 1961-ல். 2008-ல் அது ஐந்து நோய்களுக்கான ஊசியாயிற்று. ஆனால் அதிலுள்ள குக்கல் மருந்து இன்றும் பழைய வகைதான்: கொல்லப்பட்ட முழுக் கிருமி. கிருமியின் மேலுறையிலுள்ள நச்சுப்பொருளே பெரும்பாலும் காய்ச்சலைக் கிளப்புகிறது.

ஜப்பானில் யுஜி சாட்டோ அதைத்தான் ஒழிக்க முயன்றார். முழுக் கிருமி வேண்டாம். அதன் இரண்டு புரதங்களை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுத்து, நச்சை முடக்கி ஊசியாக்கினார். 1981-ல் ஜப்பான் அதற்கு மாறியது. காய்ச்சல் குறைந்தது, நோயும் அடங்கியது. 1990-களில் அமெரிக்காவும் ஐரோப்பாவின் பல நாடுகளும் அதே வழியில் போயின.

உடம்பின் கணக்கு வேறாக இருந்தது. குக்கல் கிருமி இரத்தத்துக்குள் இறங்குவதில்லை. மூச்சுக்குழாயின் நுண்மயிர்களைப் பற்றிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. நோய் வந்து தேறியவர் உடம்பிலும், முழுக் கிருமி ஊசி போட்டவர் உடம்பிலும் டிஎச்1, டிஎச்17 என்ற வெள்ளணுக்கள் பழகி நிற்கின்றன. கிருமியைத் துரத்தி அழிப்பது அவற்றின் வேலை. புதிய ஊசி எழுப்பியதோ பெரும்பாலும் டிஎச்2 வகை. அதன் துணையில் பிறக்கும் எதிர்ப்புரதங்கள் நச்சை முறிக்கும், இருமலைத் தடுக்கும். ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் கிருமியை என்ன செய்யும்? எந்தப் பாதுகாப்பும் ஆயுளுக்கு நிற்பதில்லை. நோய் தந்த பாதுகாப்பும் ஆண்டுகள் போகப் போகத் தேயும். புதிய ஊசியின் பாதுகாப்பு அதைவிட விரைவாகத் தேய்ந்தது.

2010-ல் கலிபோர்னியாவில் 9,000-க்கு மேற்பட்டோருக்குக் குக்கல். பத்துக் குழந்தைகள் இறந்தன, எல்லாம் கைக்குழந்தைகள். இலங்கையிலும் முதல் ஊசி இரண்டாம் மாதத்தில்தான். நாற்பது கழியாத பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வரும் சாச்சியோ மாமாவோ, இருமல் இல்லாமலே கிருமியைச் சுமந்து வரலாமா?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் ஜேசன் வார்ஃபெல், டாட் மெர்க்கல் ஆகியோர் இதைப் பபூன் குரங்குகளிடம் கேட்டார்கள். புதிய ஊசி போட்ட பபூன்களின் மூச்சுப்பாதையில் குக்கல் கிருமியைச் செலுத்தினார்கள். ஒன்றுகூட இருமவில்லை. மறுநாள், ஊசியே போடாத இன்னொரு பபூனை அதே கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

(தொடரும்)