மர நாட்காட்டியின் வயது

கெல்டியரின் பழைய இயற்கை வழிபாட்டை மீட்க முனையும் இன்றைய பேகன் சமயத்தாரிடையே மர நாட்காட்டி ஒன்று வழங்குகிறது. பிர்ச் மரத்தில் தொடங்கும் 13 மாதங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு புனித மரம். இது டிரூயிட் பூசாரிகளின் தொன்மரபு என்று நம்புவோர் உளர். ஆனால் இதனை வகுத்தவர் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ், ஆண்டு 1948. 'வெள்ளைத் தேவதை' என்னும் பொருள்தரும் தலைப்புடைய நூலில், அயர்லாந்தின் ஓகம் எழுத்துகளின் மரப்பெயர்களை அவர் மாதங்களாக அடுக்கினார். ஓகம் கல்வெட்டுகளை ஆராய்ந்த சார்லஸ் கிரேவ்ஸ் அவருடைய பாட்டனாரே என்பது கவனிக்கத்தக்கது.

டிரூயிடுகள் தம் சமயத்தை எழுதிவைக்கவில்லை. ஓக் மரமேறிப் பொன் அரிவாளால் அவர்கள் புல்லுருவி கொய்ததை உரோமானியரான பிளினி குறிக்கிறார். மர மாதங்களை அவர் கூறவில்லை. சவின், இம்போல்க், பெல்டேன், லூனசா ஆகிய நான்கு பருவ விழாக்களுக்கு இடைக்கால ஐரிஷ் ஏடுகளில் சான்றுண்டு. இவற்றோடு கதிரவனின் நான்கு திருப்பங்களையும் சேர்த்த எண்விழாச் சக்கரமோ 1950களில் உருவானது.

அவ்வாறாயின் மரவழிபாடே கற்பனையா? இல்லை. 1999இல் அயர்லாந்தின் கிளேர் வட்டாரத்து லாட்டூனில், புதிய நெடுஞ்சாலைக்காக ஒரு ஹாதார்ன் முள்மரம் அழியவிருந்தது. அது மாய மாந்தர் கூடுமிடம் என்று கதைசொல்லி எடி லெனிஹன் வாதாடினார், மரம் காக்கப்பட்டது. அந்நம்பிக்கை நாட்காட்டியினின்று வந்ததன்று, வாய்மொழியாக வந்தது. புதிய சடங்கிலும் உண்மையான பக்தி இருக்கலாம். அதற்குப் பொய்யான வயது கற்பிக்கும்போது கவிஞரின் உழைப்பும் மறைகிறது. நாட்டார் நினைவும் மறைகிறது.