திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும்

திருவாதிரைக் களி என்பது மார்கழித் திருவாதிரை நாளில் நடராசருக்குப் படைக்கப்படும் இனிப்பு உணவாகும். அரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து ரவையாக உடைத்து, வெல்லப்பாகில் வேகவைத்து, தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய் சேர்த்துக் கிளறுவர். இதற்குத் துணையாகப் பல காய்கள் சேர்ந்த புளிக்கூட்டு பரிமாறப்படும். ஏழுகறிக் கூட்டு என்று பெயர் இருந்தாலும் ஒன்பது, பதினொன்று எனக் காய்களைக் கூட்டுவோரும் உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் இதைத் தாளகக் குழம்பு என்பர்.

களியின் தோற்றத்தைச் சேந்தனார் கதையோடு இணைப்பது மரபு. தில்லையில் விறகு விற்றுப் பிழைத்த அவர், நாள்தோறும் ஓர் அடியாருக்கு உணவிட்ட பின்பே உண்பார். மழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில், வீட்டிலிருந்த மாவைக் களியாகக் கிண்டி, அடியார் வடிவில் வந்த சிவனுக்கு அளித்தார். மறுநாள் காலை கருவறையில் களி சிதறிக் கிடந்தது என்கிறது கதை. ஒன்பதாம் திருமுறையில் உள்ள அவரது திருப்பல்லாண்டில் ஆதிரை நாள் வருகிறது, களி வரவில்லை. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் தைப்பூசத்தைச் சொல்லுமிடத்தில் நெய்ச்சோற்றையும் சொல்கிறது. ஆதிரைக்கு விழாவை மட்டுமே சொல்கிறது. ஆகவே விழாவின் பழமையைக் கொண்டு களியின் வயதைக் கணக்கிட முடியாது.

கூட்டின் வரலாறு இன்னும் சுவையானது. இதில் நாட்டுக் காய்களே சேர வேண்டும் என்பது வழக்கம். முட்டைக்கோசு, காரட், உருளைக்கிழங்கு போன்ற 'இங்கிலீஷ் காய்கறிகள்' விலக்கு. அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு ஆகியவை இங்கு நெடுங்காலமாக விளைபவை. ஆனால் அதே பாத்திரத்தில் சேரும் பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டுக்கு வந்த பின்னரே இவை தமிழர் அடுப்பேறின. பறங்கிக்காயின் பெயரிலேயே பறங்கியர் இருக்கின்றனர். வறுத்து அரைக்கும் மிளகாயும் அவ்வழி வந்ததே. மிளகைப் போல் காரமான காய் என்பதால் அப்பெயர் பெற்றது. உருளைக்கிழங்கும் அமெரிக்கப் பயிர்தான், ஆயினும் ஆங்கிலேயர் காலத்தில் பரவியதால் 'இங்கிலீஷ்' ஆகிவிட்டது. முன்னதாக வந்தவை மட்டும் நாட்டுக் காய்களாகிவிட்டன.

பல வீடுகளில் திவசச் சமையல் இதைவிடக் கண்டிப்பானது. அங்கே மிளகாய்க்கு இன்றும் இடமில்லை, காரத்துக்கு மிளகுதான்.