பெடல் டப்பாவும் மேட்டூர் அலுமினியமும்

கிட்டார் பெடலை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் கரண்டு இரைச்சல் ஸ்பீக்கரில் அப்படியே கேக்கும். கிரவுண்டோடு இணைத்த உலோக டப்பா அதைப் பெருமளவு தடுத்துவிடும். 1966இல் லண்டன் ஆர்பிட்டர் கம்பெனியின் ஃபஸ் ஃபேஸ் வட்டமான வார்ப்பு டப்பாவில் வந்தது. மைக் ஸ்டாண்டின் அடிப்பாகத்தைப் பார்த்து வந்த யோசனையாம்!

அதற்கு முந்தைய வருஷம்தான், எங்க தொப்பூருக்குப் பக்கத்து மேட்டூரில், மால்கோ ஆலை அலுமினியம் உருக்க ஆரம்பித்தது. ஏற்காட்டு பாக்சைட், மேட்டூர் கரண்டு. 2008இல் அந்த உலை நின்னுபோச்சு.

இன்று வீட்டிலேயே பெடல் செய்கிறவர்கள் தேடுவது 1590பி. கனடாவின் ஹேமண்ட் கம்பெனி வைத்த எண் அது, வார்ப்பு அலுமினியம்தான். வழவழப்பாக இருப்பதால் பெயிண்ட் சீக்கிரம் உரிஞ்சுடும். உப்புத்தாளில் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்ட பிறகுதான் கலர். தேய்க்கும்போது விரலில் ஒட்டுகிற சாம்பல் தூள் எந்த மலை பாக்சைட்டோ, ஏற்காடு இல்லை.