திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய மடிக்கணினித் திட்டமும் பாஸ் லினக்சும்

தமிழ்நாடும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. ஏவுதல் நாளன்று கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். உயர்ந்த கணினி நுட்பத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும், குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தக் கணினி என்பது 2011 வரை எட்டாத பொருளாகவே இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் பயன்பெறும் வகையில், முதல் ஆண்டுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கணினிகளை வாங்கும் பொறுப்பு எல்காட் நிறுவனத்திடம் இருந்தது. அவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. எது வேண்டும் என்பதைக் கணினியை இயக்கும்போதே தேர்ந்தெடுக்கலாம்.

பாஸ் என்பது ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் இதை உருவாக்கி, 2007இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இதன் திரையை வைத்துக்கொள்ள முடியும். எல்காட்டுக்கும் லினக்ஸ் புதிதன்று. உமாசங்கர் இ.ஆ.ப. அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலேயே அலுவலகக் கணினிகள் சூசே லினக்சுக்கு மாற்றப்பட்டன. அரசு அலுவலகம் ஒன்று, உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருளைத் துணிந்து எடுத்த முன்மாதிரி அது. அதற்குரிய பெயர் அதற்குக் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கட்டற்ற மென்பொருளைப் பழவேற்காட்டு மக்களுக்கு விளக்குவது கடினமன்று. இங்குள்ள மீனவர்களிடம் ‘பாடு’ என்ற முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்கள் தனி ஒருவருக்குச் சொந்தமாகாமல், கிராமங்களுக்கும் குடும்பங்களுக்கும் முறை வைத்துப் பகிரப்படும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையால் அறியப்பட்டவை. ஆனால் ஏரியில் இடம் குறைவு. ஆகவே பாட்டில் சேராதவர்களுக்கு இடமில்லை, அதனால் சச்சரவும் உண்டு. மென்பொருளில் அந்தச் சிக்கல் இல்லை. ஒருவர் படியெடுத்துக்கொள்வதால் மற்றவருடைய பங்கு குறைவதில்லை.

இத்தனை இருந்தும் பெரும்பாலான மாணவர்கள் விண்டோசையே இயக்கினர். அதற்கு முக்கியமான காரணம் விளையாட்டு. பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் பென்டிரைவில் கைமாறிய பந்தய, சண்டை விளையாட்டுகள் விண்டோசுக்காக எழுதப்பட்டவை. லினக்சுக்கான ‘ஸ்டீம்’ விளையாட்டுக் கடையே 2013இல்தான் முழுமையாக வெளிவந்தது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்சில் எளிதாக ஓட்ட உதவும் ‘புரோட்டான்’ வந்தது 2018இல். அதற்குள் முதல் மடிக்கணினிகளுக்கு வயதாகிவிட்டது. டக்ஸ் பெயின்ட், ஜெகொம்ப்ரி போன்ற நல்ல கல்வி விளையாட்டுகள் லினக்சில் இருந்தன. (‘ஜெகொம்ப்ரி’ என்பது, ‘புரிந்துகொண்டேன்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரைக் கொண்டு அமைந்த பெயர்.) ஆனால் அவை சிறு குழந்தைகளுக்கானவை; பதினேழு வயதுப் பையனுக்கு அவை எப்படிப் பிடிக்கும்?

இரண்டாவது காரணம் பாடத்திட்டம். மேல்நிலைக் கணினி அறிவியல் நூலில் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபீசும் சி++ மொழியும் கற்பிக்கப்பட்டன. கையில் கொடுத்த கணினியிலேயே லினக்ஸ் இருந்தும், அதைத் தொட்டுப் பார்க்கத் தேர்வு எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆசிரியர் பலருக்கும் அதில் பயிற்சி இல்லை. கருவியைக் கொடுத்துவிட்டு, அதைப் பழக்கும் வேலையை மாணவர்களிடமே விட்டது திட்டத்தின் பெருங்குறை.

அந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள் ஓரளவு நிரப்பினர். சென்னை, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூட்டங்கள் நடத்தின. 2012 சனவரியில் த. சீனிவாசன் முயற்சியில் ‘கணியம்’ மின்னிதழ் தொடங்கி, லினக்ஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றை எளிய தமிழில் விளக்கியது. யாரும் பகிரலாம் என்ற உரிமத்துடன் அதன் நூல்கள் வெளிவந்தன. விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகிறது. கடலோரக் குப்பங்களுக்கும் இத்தகைய குழு ஒன்று தேவை.

பாடநூல் மாறியது 2018இல். பதினொன்றாம் வகுப்புப் புதிய நூலில் விண்டோசுடன் உபுண்டு லினக்சும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வந்தது. ஆனால் அதன்பின் சில ஆண்டுகளில் மடிக்கணினி விநியோகமே நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதில் பள்ளி மாணவர்கள் இல்லை.