காற்றைச் சிறைபிடித்த கூரை

வள்ளியூர்க்காரரிடம் போய், ‘அமெரிக்காவில் நிலவறைச் சுவருக்கெல்லாம் நுரைப் பலகை ஒட்டுகிறார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எதுக்கு வே?’ என்பார். குளிர் உள்ளே புகாமல் இருக்கத்தான்!

1941-ல் டௌ கெமிக்கல் கம்பெனி ஸ்டைரோஃபோமை உருவாக்கியது. உடனே அது வீட்டுக்கு வரவில்லை. 1942-ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் மிதவைக்குப் போனது! 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, சில மாதங்களில் விலை நாலு மடங்கு. வீட்டைச் சூடேற்றக் கட்டுப்படியாகவில்லை. சுவருக்குப் போர்வை போர்த்தும் வேகம் அங்கே கூடியது.

சூட்சுமம் என்ன? நுரையின் பொடிப் பொடி அறைகளில் அடைபட்ட வாயு. அசையாமல் நிற்கும் காற்று லேசில் சூட்டைக் கடத்தாது. அட, இதைத்தானே நம் தெற்கத்திச் சீமையின் பனை ஓலைக் கூரை காலங்காலமாகச் செய்தது! அடுக்கடுக்காக ஓலை, நடுநடுவே காற்று. வெளியே தீயாக வெயில் அடித்தாலும் உள்ளே குளுகுளு.

ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு. 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து, 94 குழந்தைகள் போய்விட்டார்கள். பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையே கூடாது என்றது அரசு.

சரி, ஓலைதான் வில்லனா? 2017 ஜூன் 14. லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடி. சுவரைப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உள்ளீடு கொண்ட தகடுகளும் நுரைப் பலகைகளும் எரிந்தன. 72 பேர் பலி.

ஓலை பழசு, நுரை புதுசு. நெருப்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

மொட்டைமாடிச் சூட்டுக்குப் பயந்து இன்று தெர்மகோலும் பஃப் பேனலும் வாங்குகிறோம். விலையைக் கேட்கிறீர்கள், சரி. ‘தீப்பிடிக்குமா?’ என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.