கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் நகை விற்பனை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்துப் பொருளாதார வரலாறு பற்றிய ஆய்வுகள் பெருந்தோட்டம், நெல், மீன்பிடி என்பவற்றைச் சுற்றியே பெரிதும் அமைந்துள்ளன. பெண்களின் கழுத்திலும் காதிலும் கையிலும் தங்கிக் கிடந்த பொன்னும் வெள்ளியும் ஒரு மூலதனத் தொகுதி என்ற முறையில் உரிய கவனத்தைப் பெறவில்லை. அணிகலன் பற்றிப் பேசுவோர் அதன் அழகையும் சடங்கையும் பேசுவர். அது விற்கப்படும் கணத்தைப் பேசுவதில்லை. ஆயினும் ஒரு நகையின் சமூகப் பொருள் முழுமையாகத் துலங்குவது அது தராசில் ஏறும்போதுதான். கல்முனையை மையமாகக் கொண்ட கரையோர முஸ்லிம் ஊர்களில் பழைய நகையை உள்ளூர் வியாபாரியிடம் விற்கும் வழக்கத்தை வரலாற்றடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

வியாபாரிகள் தம் விளம்பரங்களில் ‘வேண்டாத நகை’ என்றொரு தொடரை ஆள்வர். அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு, காலம் கடந்த வேலைப்பாடு ஆகியவற்றை இத்தொடர் குறிப்பதாகக் கொள்ளலாம். ஆனால் விற்பனைக்கு வரும் நகைகளிற் பல, வேண்டாமையால் அன்றி வேறொன்று அவசரமாக வேண்டியிருப்பதால் வருவன. அந்த ‘வேறொன்று’ காலத்துக்குக் காலம் எவ்வாறு மாறியது என்பதே ஈண்டு நம் வினா.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காகக் கடலோரம் நீளும் ஊர்களும், உள்நாட்டில் வயல்களிடையே அமைந்த சம்மாந்துறையும் இவ்வாய்வின் பரப்பாகும். இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் இந்து ஊர்கள் உள்ளன. இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடி முறையைப் பின்பற்றி வந்தவர்கள். திருமணத்தின்பின் மணமகன் மணமகளின் வீட்டுக்குச் செல்வதும், வீடு பெண்ணின் பெயரில் சீதனமாக வழங்கப்படுவதும் இங்கு நிலைத்த வழக்கங்கள். இப்பகுதியின் பழைய மரபுரிமை முறையை 1876இல் கிறிஸ்தோபர் பிறிற்றோ முக்குவர் சட்டம் என்ற பெயரில் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மரபுரிமைக்குப் பொதுவிதிகளை வகுத்தது. அச்சட்டத்தால் முக்குவர் சட்டம் தன் வலுவை இழந்தது. சட்டம் மறைந்தும் வழக்கம் மறையவில்லை. இறப்பின்பின் வரும் உரிமை, திருமணத்தின்போது கொடுக்கும் சீதனமாக வடிவம் மாறித் தொடர்ந்தது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நீண்டகாலம் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இவ்வமைப்பில் நகையின் இடம் யாது? வீடும் வயலும் அசையாச் சொத்துகள். தந்தை, சகோதரர், கணவன் ஆகியோரின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. நகையோ அசையும் சொத்து, உடலோடு ஒட்டியது. இஸ்லாமியச் சட்டத்தின்படி மனைவியின் சொத்து மனைவிக்கே தனியாக உரியது. ஆகவே ஒரு பெண் எவரிடமும் கையொப்பம் கேளாது பணமாக்கக்கூடிய ஒரே உடைமை அவளது நகையே எனலாம். இவ்வுரிமை ஏட்டில் எவ்வளவு, நடைமுறையில் எவ்வளவு என்பது வேறு விடயம்.

பொன்னின் அளவையிலேயே குடியேற்றவாதத்தின் சுவடு படிந்துள்ளது. நாம் ‘பவுண்’ என வழங்குவது 1817 முதல் புதிய உருவில் அச்சிடப்பட்ட ஆங்கிலேயப் பொற்காசின் எடையே. அக்காசு 22 கரட் தரமும் 7.988 கிராம் எடையும் உடையது. இலங்கை வணிகத்தில் அது 8 கிராமாக முழுமைப்படுத்தப்பட்டுள்ளது. காசு புழக்கத்திலிருந்து மறைந்தபின்னரும் அதன் நிழல் தராசில் நிற்கிறது. வெள்ளியின் கதை வேறு. 1872 முதல் இலங்கையின் நாணயம் ரூபா. அன்றைய இந்திய வெள்ளி ரூபா 11.66 கிராம் எடையுள்ளது. பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் வெள்ளியாலானது. காசை உருக்கினால் அணியாகும். அணியை உருக்கினால் ஏறத்தாழக் காசின் பெறுமதி திரும்பும். ஆனால் 1870களில் ஜேர்மனி முதலிய நாடுகள் பொன் நாணய முறைக்கு மாறவே, உலகச் சந்தையில் வெள்ளி தொடர்ந்து வீழ்ந்தது. 1893இல் இந்திய நாணயச்சாலைகள் தனியாரின் வெள்ளியை ஏற்க மறுத்தபோது, காசுக்கும் அணிக்கும் இடையிலிருந்த அந்தச் சமன்பாடு முறிந்தது. குழந்தையின் தண்டையும் அரைஞாணும் பெட்டியில் இருந்தபடியே பெறுமதி இழந்தன. இன்றும் பெட்டியிலிருந்து முதலில் வெளியேறுவது வெள்ளியே. அதனை விற்கும்போது எவரும் அழுவதில்லை.

பொன் விற்பனை பெருந்திரளாக நிகழ்ந்த முதற் பெருங்காலம் 1930களின் உலகப் பொருளாதார மந்தமாகும். 1931 செப்டெம்பர் 21இல் பிரித்தானியா பொன் நாணய முறையைக் கைவிட்டது. பவுணோடு பிணைக்கப்பட்ட இந்திய ரூபாவும், அதனோடு பிணைக்கப்பட்ட இலங்கை ரூபாவும் பொன்னுக்கெதிராக வீழ்ந்தன. விளைபொருள் விலை சரிந்து, பொன் விலை மட்டும் ஏறிய அந்நாளில் இந்தியக் கிராமங்களின் நகைகள் கடைகளூடாகப் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தன. 1931-32 நிதியாண்டில் மட்டும் 50 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட பொன் இந்தியாவிலிருந்து வெளியேறியது. விவசாயியின் மனைவி கழற்றிக் கொடுத்த தாலிக்கொடி லண்டனின் கடன் நிலுவையைச் சீர்செய்தது என்று கூறின் அது மிகையன்று. இலங்கையில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கடன் வலை 1925ஆம் ஆண்டு நெருக்கடியிலேயே சுருங்கத் தொடங்கியிருந்தது. 1934இல் வங்கித்துறை ஆணைக்குழு ஒன்று கூடி ஆராய்ந்தது. அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. 1942இன் 13ஆம் இலக்க அடகு பிடிப்போர் கட்டளைச் சட்டம் அடகுத் தொழிலை உரிமம், வட்டி, ஏலம் ஆகிய விதிகளுக்குள் கொண்டுவந்தது. அடகு வைப்பவருக்குச் சட்டம் ஒரு சீட்டையும் மீட்பதற்கு ஒரு தவணையையும் அளித்தது. விற்பவருக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. விற்பனை ஒரே மூச்சில் முடிந்துவிடும் உறவு.

முஸ்லிம் ஊர்களில் இவ்வேறுபாட்டுக்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது. ஆகவே வட்டிக்கு அடகு வைப்பதிலும் விற்பதே தூயது என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்தது. அதுமட்டுமன்று. பொன்னுக்குப் பொன் மாற்றும்போது எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. பழைய நகையைக் கொடுத்து, மேலதிகப் பணமும் கொடுத்துப் புதிய நகை பெறுதல் இவ்விதிக்கு முரணாகும். எனவே பழையதை முதலில் விற்றுப் பணத்தைக் கையிற் பெற்று, அதன்பின் புதியதை வாங்குமாறு மார்க்க அறிஞர் வலியுறுத்துவர். பிற ஊர்களில் ‘மாற்று’ என ஒன்றாய் முடியும் கொடுக்கல் வாங்கல், இங்கு விற்பனை, கொள்வனவு என இரண்டாகப் பிரிகிறது. பணம் ஒரு கணமேனும் பெண்ணின் கையில் நிற்கிறது. அக்கணத்தில் அவள் வேறு கடைக்குச் செல்லவும் கூடும். இவ்விதி நுகர்வோருக்கு அளித்த பாதுகாப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அணிவதற்கென உள்ள நகைக்கு ஸகாத் இல்லை. சேமிப்பு பணமாகவன்றி அணியாகத் திரண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் கோட்பாடு எவ்வாறாயினும், தேவை நெருக்கியபோது முஸ்லிம் பெண்களும் அடகுக் கடை வாயிலில் நின்றனர் என்பதை மறைப்பதால் பயனில்லை.

விடுதலைக்குப் பின்னர் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1960களில் வந்த புதிய நெல்லினங்களும் கரையோரத்தாரின் வேளாண்மையைப் பணத்தோடு இறுகப் பிணைத்தன. உரம், கிருமிநாசினி, உழவு இயந்திரக் கூலி ஆகிய யாவும் விதைப்புக் காலத்திலேயே பணமாக வேண்டியிருந்தன. போடியாருக்குக் கடன் வசதி இருந்தது. குத்தகைக்குச் செய்த சிறு விவசாயிக்கு மனைவியின் நகை இருந்தது. பெரும்போக விதைப்பின்போது கழன்ற காப்பு, அறுவடையின்பின் மீண்டும் கையேறினால் அவ்வாண்டு நல்லாண்டு. மக்கள் வங்கி 1961இல் நிறுவப்பட்டது. 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் தோன்றின. அரச வங்கிகளின் நகை அடகுச் சேவை இச்சுழற்சிக்கு ஒரு புதிய வழியைத் திறந்தது. எனினும் வெள்ளமோ வரட்சியோ வந்த ஆண்டில் அடகு மூழ்கும். மூழ்கும் முன் மீட்டு விற்றுவிடுவதே இலாபம் என்பதால், அடகுச் சீட்டைக் காட்டி வியாபாரியிடமே பணம் பெற்று நகையை மீட்டு அவரிடமே விற்கும் முறை உருவாயிற்று. அடகும் விற்பனையும் எதிரெதிரானவை அல்ல. ஒன்றின் இறுதிப் படி மற்றது.

விற்பனையின் தொழில்நுட்பத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். சுரண்டலோ நேர்மையோ உறைவது அங்கேதான். வியாபாரி முதலில் கல்லையும் அரக்கையும் நீக்குகிறார். கல்லுக்கு விலை இல்லை. பின் உரைகல்லில் உரைத்து, திராவகம் இட்டு, தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுகிறார். 2 பவுண் எடையுள்ள, அதாவது 16 கிராம் சங்கிலி ஒன்றைக் கொள்வோம். அது 22 கரட் எனில் அதில் 14.67 கிராம் தூய பொன் உண்டு. பலமுறை பற்றுவைத்த பழஞ்சங்கிலி என்று கூறி 20 கரட்டாக மதிப்பிட்டால் 13.33 கிராம் மட்டுமே கணக்கில் வரும். வேறுபாடு 1.33 கிராம், சங்கிலியின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் ஏற்கெனவே மறைந்துவிட்டன. உரைகல்லின் கோட்டை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர். விற்கத் தவிப்பவர் மற்றவர். இன்று சில கடைகளில் உள்ள கதிரியக்கமானி தரத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆயினும் கருவியின் முகம் எவரை நோக்கியிருக்கிறது என்பதும் ஒரு கேள்வியே.

தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்பது பழமொழி. மா என்பது இருபதில் ஒரு பங்கு. கண்ணகி வழிபாடு வேரூன்றிய இக்கரையில், சிலம்பை விற்கச் சென்றவனைக் காட்டிக்கொடுத்த பொற்கொல்லன் மக்கள் நினைவில் என்றும் உள்ளான். மட்டக்களப்பில் வழங்கிய கண்ணகி வழக்குரையை வீ.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். காரைதீவின் கண்ணகி கோயில் முஸ்லிம் ஊர்களிலிருந்து நடைதூரத்திலேயே உள்ளது. ஆனால் ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்ட இப்பழியை ஆய்வாளர் அப்படியே ஏற்றல் தகாது. தமிழ்த் தட்டார் பலர் முதலாளியின் பொன்னைக் கூலிக்கு வேலை செய்து கொடுத்தவர்கள். உமித்தணலின் முன் கண்ணை இழந்தவர்கள். தொகையாக இலாபம் ஈட்டியது பட்டறை அன்று, மூலதனம். முஸ்லிம் குடும்பமும் தமிழ்த் தட்டாரும் தலைமுறையாகப் பேணிய நம்பிக்கையே பல இடங்களில் விலையின் ஒரே உத்தரவாதமாக இருந்தது. 1985 ஏப்ரலிலும் 1990இலும் வெடித்த வன்செயல்கள் சிதைத்தவற்றுள் இந்நம்பிக்கையும் ஒன்று.

1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்பு புதிய பொன்னைக் கொணர்ந்தது. சவூதியில் பெருவழக்கான 21 கரட் நகை உள்ளூர்க் கணக்கில் 22 கரட்டுக்குக் கீழாக நின்றது. அங்கு கொடுத்த விலைக்கும் இங்கு கிடைத்த விலைக்கும் இடையே வீழ்ந்தது, பாலைவனத்தில் உழைத்தவரின் வியர்வை. இப்பொன்னின் பெரும்பகுதி மகளுக்கான வீட்டின் சுவராக மாறியது. தாயின் நகை விற்கப்பட்டு மகளின் வீடாகும். மகளுக்குப் புது நகை வாங்க மீண்டும் கடன். குடிசனம் நெருங்கி, காணி அரிதாகிய கடலோரத்தில் இச்சுழற்சியின் பாரம் ஆண்டுதோறும் ஏறியது.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் மிக அதிக உயிர்களைக் கொண்டுசென்றது அம்பாறை மாவட்டத்திலேயே. இறந்தோர் 10,000க்கு மேற்பட்டோர். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கடலோர வீடுகள் அலுமாரியோடும் அதனுள்ளிருந்த நகைகளோடும் போயின. வீடு, படகு, வலை ஆகியவற்றின் இழப்புக்குப் படிவங்கள் இருந்தன. நகைக்கு எவரிடமும் பற்றுச்சீட்டு இல்லை. புது வீடுகளின் உரித்து ‘குடும்பத் தலைவர்’ எனக் கருதப்பட்ட ஆண்களின் பெயரில் வழங்கப்பட்டபோது, தாய்வழிச் சீதன வீட்டின் உரிமையும் பலரிடமிருந்து நழுவியது. பெண் சொத்தின் இரு தூண்களும் ஒரே ஆண்டில் அசைந்தன. எஞ்சிய காதணியையும் விற்றவர்கள் அதனை ‘வேண்டாத நகை’ என்று கூறியிருக்க முடியாது.

2013இல் உலகப் பொன் விலை சரிந்தபோது, அடகை மீட்பதிலும் கைவிடுவதே மலிவென மக்கள் ஒதுங்கினர், வங்கிகள் இழப்புக்குள்ளாயின. 2022இல் நிலைமை தலைகீழாயிற்று. மார்ச் முதல் சில வாரங்களுள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டது. பொன்னின் ரூபா விலையும் உடனேறியது. விற்றவரின் கையில் முன்னெப்போதுமில்லாத தொகை. ஆனால் அரிசியும் பால்மாவும் உரமும் அதனை விஞ்சி ஏறியிருந்தன. 1931இல் நிகழ்ந்ததும் இதுவே: நாணயம் வீழும்போது பொன் கடைக்கு நடக்கும்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ‘கைக்கூலி’ என்ற நம் தமிழ்ச் சொல்லையே ஏற்று வரைவிலக்கணம் செய்துள்ளது. மணமகளின் பயனுக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணமும் அசையும் பொருளும் அதனுள் அடங்கும். அதனை மீளப் பெறும் உரிமை மனைவிக்குண்டு, காதியார் அதனை விசாரிக்கலாம். ஆனால் மணமகளே அணிந்து வந்த நகையைப் பின்னொரு நாள் கணவனின் கடைக்கு முதலாகவோ, படகுக்கு இயந்திரமாகவோ விற்றுக் கொடுத்தால் அது கடனா, கொடையா? எழுதிவைக்கும் வழக்கம் வீடுகளில் இல்லை. வியாபாரியின் துண்டுச் சீட்டில் எடை உண்டு, கரட் உண்டு, தொகை உண்டு. கொண்டுவந்தவர் பெயர் என்ற இடத்தில், கணவன் கொண்டுசென்றிருந்தால், கணவனின் பெயரே உண்டு.